கேமராவுக்கு வைத்த பொட்டு

எங்கள் ஊர் குருணுக்கு வந்து அய்யாவு வீடு எது என்று கேட்டால், எந்த அய்யாவு என்று திருப்பிக் கேட்பார்கள். வெயில் அய்யாவு என்று சொல்லிப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கூட நிறுத்தி வழி காட்டுவார். கல்யாணம், காதுகுத்து, மணிவிழா என்று விசேஷங்களுக்குப் படம் எடுக்கிறவர்தான். ஆனால் அவர் வந்துவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்தை விட்டு வெளியே வந்தாக வேண்டும். கார் நிறுத்துகிற இடமோ, மாமரத்தடியோ, சாக்கடை ஓரமோ, எங்கே வெயில் விழுகிறதோ அங்கே நிற்க வேண்டும். உச்சிப்பொழுதில் பட்டுப் புடவையோடு நிற்கிற பெண்ணுக்கு முகத்தில் போட்டதெல்லாம் உருகிக் கழுத்துக்கு வந்துவிடும். “இன்னும் ரெண்டே ரெண்டு படம் லா, கொஞ்சம் சிரிம்மா” என்று கெஞ்சுவார். அந்தப் பெண் எங்கிருந்து சிரிப்பாள்?

ஒருமுறை பண்டார் பாருவில் ஒரு மணிவிழாவுக்குப் போனார். பெரியவரை வாசலுக்கு அழைத்து வந்து சூரியனுக்கு நேராக நிறுத்தி எடுத்தார். படத்தில் பெரியவரின் வழுக்கை தெரிந்த அளவுக்கு முகம் தெரியவில்லை. அந்தக் குடும்பம் இன்றுவரை அதை மாட்டி வைக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். மண்டபத்துக்குள் எடுக்கமாட்டார், கோயிலுக்குள்ளும் எடுக்கமாட்டார். ஏன் அண்ணே என்று கேட்டால் கழுத்தில் தொங்கும் கேமராவைத் தடவிக்கொண்டே, “ஃபிளாஷ் வெளிச்சத்துல மனுஷன் மொகம் பொய் சொல்லும். சூரியன் முன்னால பொய் சொல்ல முடியாது” என்பார். பெயர் அட்டையில் ‘இயற்கை ஒளி நிபுணர்’ என்று வேறு அச்சடித்து வைத்திருந்தார். அதில் ஒரு கட்டு என் கடை மேசையில் கிடந்தது. வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், காது குடைவார்கள், திரும்ப வைத்துவிடுவார்கள்.

நான் கரீமா. என் கணவர் ஜக்கரியா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அதன் ஓரத்தில் எட்டடி இடத்தைச் சண்டை போட்டு வாங்கி நான் போன் கடை நடத்துகிறேன். போனுக்கு உறை மாட்டுவது, கழற்றுவது, கண்ணாடி ஒட்டுவது, சார்ஜ் ஓட்டைக்குள் போன குப்பையை எடுப்பது, இதுதான் பிழைப்பு. பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன். போன் உறையைப் பல்லால் கடித்து இழுக்கிற ஜனங்களோடு தினமும் மல்லுக்கட்டுவதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜக்கரியாவிடம் கேட்டால் கொஞ்சம் இல்லை என்பார்.

அய்யாவு அண்ணனைப் பெரிய கலைஞர் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மரியாதை போன நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை பகலில் போனது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் பிறந்தது குருணுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அப்பா அம்மா இரண்டு பேரும் பால் மரம் வெட்டினார்கள். இவர் அதே பாலில் செய்கிற கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே இருபத்தேழு வருடம், கையுறைக்குள் காற்றடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கடையில் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தால்கூட ஊதிப் பார்த்துவிட்டுத்தான் சாமான் போடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அவர் மனைவி ரமணி அக்கா சமையலறைக்குப் புது அலமாரி கேட்டார். இவர் அலோர் ஸ்டார் போய் ஒரு கேமராவோடு வந்து நின்றார். அக்கா மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் ஆயுத பூசை. சாமி முன்னால் கேமராவை வைத்து அக்காவே சந்தனம் குங்குமம் வைத்தார். அத்தோடு சமாதானம். அலமாரி இன்னும் வரவில்லை.

ஐந்து வருடம் இப்படியே ஓடியது. வெயில் படத்துக்கு எத்தனை பேர் கூப்பிடுவார்கள்? மாதம் ஒன்று வந்தால் அதிகம். போன தீபாவளிக்குப் பிறகு அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார். வருடம் முடிவதற்குள் நிரந்தரமாக ஓர் இடத்திலிருந்து வேலை வரவேண்டும், இல்லாவிட்டால் தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலைக்குப் போகவேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குக் காவலுக்கு உட்கார்ந்தால் காலை ஏழு மணிக்கு எழுந்திருக்கலாம். அண்ணனுக்கு முழங்கால் வலி. அதைவிட, கேமராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் போய் உட்காருவது என்பது அவருக்கு உயிரை எடுப்பது மாதிரி.

அந்த நேரத்தில்தான் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியை நவமணி டீச்சர் கூப்பிட்டனுப்பினார். பாலர் வகுப்புக் குழந்தைகளுக்குப் பட்டமளிப்பு விழா. முப்பத்தெட்டுக் குழந்தைகள், கறுப்பு அங்கி, தொப்பி, கையில் சுருட்டிய சான்றிதழ். ஒவ்வொருவரையும் மேடையில் தனித்தனியாக எடுக்கவேண்டும். நன்றாக வந்தால் அடுத்த வருடம் முழுவதும் பள்ளி விழாக்கள் எல்லாம் அய்யாவுக்குத்தான். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். போன வருடம் வந்தவர் எடுத்த படத்தில் குழந்தைகள் எல்லாம் நிழல் மாதிரி தெரிந்தார்களாம், பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். அதனால் கட்டாயம் ஃபிளாஷ் போடவேண்டும். விழா சனிக்கிழமை காலை. மண்டபத்துக்குள்.

வெள்ளிக்கிழமை பகல் ஜக்கரியா தொழுகைக்குப் போயிருந்தார். பாதிக் கதவை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் குனிந்து உள்ளே வந்தார். தோளில் ஒரு பை, கையில் துண்டு சுற்றிய கேமரா. காயம்பட்ட கோழியைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“கரீமா, ஒரு சாமான் கழட்டணும். வெளிய சொல்லக் கூடாது.”

“என்னா அண்ணே, கள்ளச் சாமானா?”

“சும்மா இரு லா.” துண்டைப் பிரித்தார்.

கேமராவின் உச்சியில், கண் வைத்துப் பார்க்கிற இடத்துக்கு மேலே, ஃபிளாஷ் மாட்டுவதற்கென்று ஒரு சின்னத் தண்டவாளம் இருக்கும். தூசு போகாமல் இருக்க அதன்மேல் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி போட்டுக் கொடுப்பார்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னாலிருந்து பின்பக்கமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். குழந்தைகூடக் கழற்றும்.

அண்ணனின் கேமராவில் அந்த மூடியே தெரியவில்லை. அங்கே ஒரு மேடு இருந்தது. மஞ்சளாக, அடுக்கு அடுக்காக, நடுவில் சிவப்பு. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். சந்தனம். ஐந்து வருடச் சந்தனம்.

“இது எப்படி அண்ணே இங்க வந்துச்சு?”

“கேமராவுக்கு நெத்தி எங்க இருக்கு சொல்லு” என்றார். “அவ சரியான எடத்துலதான் வச்சா.”

நான் சிரித்த சிரிப்பில் மளிகைப் பக்கம் உட்கார்ந்திருந்த பூனை எழுந்து போய்விட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வாத்தியாரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிற பையன் மாதிரி எல்லாவற்றையும் சொன்னார்.

ரமணி அக்கா வைப்பது பொட்டு இல்லை, பூச்சு. பன்னீர் விட்டுக் குழைத்து நீர்க்க வைப்பார். முதல் வருடமே அது வழிந்து மூடியின் மூன்று பக்கமும் இறங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அண்ணன் ஆசையாக ஒரு ஃபிளாஷ் வாங்கி வந்து மூடியைத் தள்ளினால், அசையவில்லை. கடையில் விற்கிற சந்தனப் பொடியில் என்ன மாவைக் கலக்கிறார்களோ, காய்ந்து சிமெண்டு ஆகிவிட்டிருந்தது. துடைக்கவும் முடியாது. வைத்த பொட்டு தானாகத்தான் உதிரவேண்டும் என்பது அக்கா வீட்டுச் சட்டம்.

“கோப்பிக் கடை ராமையாகிட்ட சொன்னேன். ஸ்குரூ டிரைவர வச்சு நெம்பு, வந்துரும்னான்.”

“நெம்புனீங்களா?”

“லேசா.”

மூடியின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. லேசாகவா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அண்ணே, அந்தத் தண்டவாளம் ஒரு மயிரளவு வளைஞ்சாலும் ஃபிளாஷ் உக்காராது. கீழ தங்க நெறத்துல புள்ளி புள்ளியா இருக்கும், அதுலதான் கரண்டு போவும். இரும்பு பட்டுச்சு, கேமராவத் தூக்கிக் கொளத்துல போட வேண்டியதுதான். ராமையாவுக்கு என்னா தெரியும்? அவரு பால் டின் மூடியத் தொறக்குற ஆளு.”

“அதான் நிறுத்திட்டேன். ஆனா ரமணி அந்தக் கீறலப் பாத்துட்டா. கேமராவுக்குக் கண்ணு பட்டிருக்குன்னு சொல்லி இன்னொரு பொட்டு வச்சா. பெருசா.”

அடுத்த வருடம் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறார். சந்தனம் ஊறிக் கறுத்துப்போனது. அக்கா அதையும் பார்த்தார். அதற்கும் ஒரு பொட்டு. இப்படி அண்ணன் கழற்ற முயற்சி செய்த ஒவ்வொரு தடவையும் மூடிக்கு மேல் ஒரு மாடி ஏறியிருக்கிறது.

“அப்போ சூரியன் முன்னால பொய் சொல்ல முடியாதுன்னீங்களே, அது?”

“வேற என்னா லா சொல்றது?” என்றார்.

இயற்கை ஒளி நிபுணர். அடப் பாவி மனுஷா. ஐந்து வருடமாக ஊர்ப் பெண்களை எல்லாம் வெயிலில் வாட்டி எடுத்தது இந்த ஒரு மூடிக்காகவா? “அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. அவ்வளவு பயமா?”

“பயம் இல்ல கரீமா. அவ மனசு கஷ்டப்படும்.” கேமராவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கழட்டுனதும் மேல மறுபடி கொஞ்சம் சந்தனம் வச்சிரு. பழையபடி தெரியணும். அவளுக்குத் தெரியக் கூடாது.”

எனக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. வேலையைப் பார்ப்போம் என்று துண்டை மடித்து மேசையில் விரித்தேன்.

முதலில் மின்சாரம் இருக்கக் கூடாது. கேமராவை அணைத்து, பேட்டரியையும் கார்டையும் வெளியே எடுத்து வைத்தேன். லென்ஸைக் கழற்றவில்லை. கழற்றினால் அந்த ஓட்டை வழியாகத் தூசு உள்ளே போகும். அதன் மூடியை மட்டும் அழுத்திப் போட்டேன். கழுத்துப் பட்டையை அவிழ்த்தேன். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன், உதிர்கிற பொடி கீழே விழட்டும், உள்ளே இறங்கவேண்டாம் என்று. அடியில் ஒரு வெள்ளைத் தாள்.

“ஊதட்டுமா?” என்று கிட்டே வந்தார் அண்ணன்.

“இருவத்தேழு வருசம் ஊதுனது போதும். எச்சில் தெறிக்கும். அங்கிட்டுப் போய் உக்காருங்க.”

போய் அரிசி மூட்டைமேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இறைச்சி குத்திச் சுடுகிற சாத்தே குச்சி ஒன்றைச் சீவி நுனியைத் தட்டையாக்கினேன். மரக்குச்சி என்றால் சந்தனத்தைச் சுரண்டும், பிளாஸ்டிக்கைச் சுரண்டாது. மேட்டை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். சிவப்பு, மஞ்சள், எண்ணெய் பட்ட கறுப்பு, மறுபடி மஞ்சள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வருடம். பழைய பல் துலக்கியின் முடியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன், அதனால் துடைத்துத் துடைத்து விட்டேன். கால் மணி நேரத்தில் மூடியின் முதுகு தெரிந்தது. கடை முழுக்கக் கோயில் வாசனை.

அதற்குப் பிறகு பஞ்சுக் குச்சியில் இரண்டே சொட்டு, போன் துடைக்கிற ஆல்கஹால். அதையும் பிழிந்துவிட்டு ஈரம் மட்டும் இருக்கும்படி மூடிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள கோட்டில் தடவினேன். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று எவனாவது சொன்னால் அவன் பேச்சைக் கேட்காதீர்கள். ஈரம் ஊறுகிற வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். இந்தத் தொழிலில் பாதி, சும்மா இருப்பதுதான். அது பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் வரும்.

போன் கண்ணாடிமேல் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு நறுக்கு எடுத்து அந்தக் கோட்டில் விட்டேன். ஒரு பக்கம் போனது. மறுபக்கம் பாதியில் நின்றது. மறுபடி குச்சி, மறுபடி பல் துலக்கி. இரண்டு பக்கமும் போன பிறகு கட்டைவிரலால் மூடியை முன்னாலிருந்து பின்னால் தள்ளினேன். வழவழவென்று விரல் நழுவியது. பிடிமானம் இல்லை.

“அண்ணே, கடையில கையொற இருக்கா பாருங்க.”

அவர் அலமாரியிலிருந்து ஒன்றை உருவி, பழக்க தோஷத்தில் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். மாட்டிக்கொண்டு தள்ளினேன். ரப்பர் கவ்விப் பிடித்தது. ஒரே சீராக, வெடுக்கென்று இல்லாமல், மேலே தூக்காமல், பின்னால் மட்டும். அசையவில்லை. இன்னொரு தரம். அசையவில்லை. மூன்றாவது தரம் உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது.

அரிசி மூட்டைமேல் இருந்தவர் “போச்சா?” என்றார்.

போகவில்லை. மூடி ஒரு மயிரளவு நகர்ந்திருந்தது. நொறுங்கியது சந்தனம். அந்த இடத்தில்தான் எல்லாரும் தப்புப் பண்ணுவார்கள், நகர்ந்துவிட்டதே என்று ஒரே இழுப்பாக இழுப்பார்கள். நான் நிறுத்தி, நொறுங்கியதைத் துடைத்து வெளியே தள்ளிவிட்டு, மறுபடி தள்ளினேன். பாதி வந்தது. மறுபடி துடைத்தேன். அதன் பிறகு அதுவாகவே வழுக்கிக்கொண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. இத்தனூண்டு மூடி. ஒரு மனுஷனை ஐந்து வருடம் வெயிலில் நிறுத்தி வைத்திருந்த மூடி.

அண்ணன் பேட்டரியைப் போட்டு, பையில் கொண்டுவந்திருந்த, பெட்டியிலிருந்து இன்றுவரை வெளியே வராத அந்த ஃபிளாஷை மாட்டினார். அமுக்கினார். எரியவில்லை. நான் அவசரமாக எல்லாவற்றையும் கழற்றி விளக்கில் பார்த்தேன். தங்கப் புள்ளி ஒன்றின்மேல் மஞ்சள் படலம். காய்ந்த பஞ்சுக் குச்சியால் மெதுவாக உருட்டி எடுத்தேன். மறுபடி மாட்டி அமுக்கினார்.

கடையே வெளுத்துப்போனது. சொந்தக் கேமரா வெளிச்சத்துக்குத் தானே பயந்து இரண்டடி பின்னால் போய் வெங்காயக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டார் அண்ணன். உட்கார்ந்தபடியே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து, கையில் சோற்றுப் பொட்டலத்தோடு, பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து ரமணி அக்கா உள்ளே வந்தார்.

“சாப்பாடு தாப்பாவ் பண்ணிட்டு வந்தேன். பகல் சாப்பாட்டுக்கு வராம இங்க என்னா பண்றீங்க?” என்றவர் மூக்கைச் சுளித்தார். “யாரு சந்தனம் வச்சா?”

தாளில் குவிந்து கிடந்தது மஞ்சளும் சிவப்பும். எனக்குப் பொய் சரளமாக வராது. “மஞ்சத்தூள் அக்கா. ஜக்கரியா கேட்டாரு, கறிக்கு” என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கேமராவின் உச்சியைப் பார்த்தார். வெறுமையாக இருந்த தண்டவாளத்தை, பக்கத்தில் கிடந்த மூடியை, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். பிறகு ஃபிளாஷ் பெட்டியை எடுத்துத் திருப்பினார். வாங்கிய தேதி அதில் ஒட்டியிருந்தது. அக்கா மக்கு இல்லை. பெட்டியைக் கீழே வைத்தார்.

“இது நான் வச்சதாலயா?”

அண்ணன் வெங்காயக் கூடையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அக்கா பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலை அண்ணன் கேட்டுக்கொண்டதால் நானும் மண்டபத்துக்குப் போனேன். ஃபிளாஷ் மக்கர் பண்ணினால் துடைக்க ஓர் ஆள் வேண்டுமாம். பையில் பஞ்சுக் குச்சி, பல் துலக்கி, கையுறை. தாதி மாதிரிப் பக்கத்திலேயே நின்றேன். அண்ணன் முகம் தூங்காத முகம். ராத்திரி முழுக்க அக்கா பேசவில்லையாம். “படம் வந்தா வருது, வராட்டி ஜாகா. ஆனா இவ இப்படி இருந்தா நான் என்னா லா பண்றது?” என்றார். கேமராவை இரண்டு தரம் தப்பான பக்கம் திருப்பினார்.

முதல் குழந்தை வந்தது. தொப்பி கண்ணை மூடியிருந்தது. அண்ணன் அமுக்கினார். எரிந்தது. குழந்தை வீலென்று அழுதது. இரண்டாவது குழந்தை “இன்னொரு வாட்டி மின்னல் போடுங்க” என்று கேட்டு இறங்கமாட்டேன் என்றது. நாலாவது, ஐந்தாவது என்று போகப்போக அவர் கை நிதானத்துக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினேழாவது குழந்தை மேடையில் நின்றபோது அக்கா வந்தார். நல்ல புடவை. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் நைசாகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது சொல்லி அண்ணனைக் காப்பாற்றவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“கரீமா, பொட்டு வைக்கறப்ப நான் என்னா வேண்டிக்கிட்டேன் தெரியுமா? இவருக்குப் பெரிய பெரிய கல்யாண ஆர்டரா வரணும்னு. மண்டபத்துல, ராத்திரி விருந்துல எடுக்கற மாதிரி.”

“வரலயா அக்கா?”

“வந்துச்சே. கோலா கெடாவுலேருந்து ஒரு கல்யாணம் வந்துச்சு. அலோர் ஸ்டார்லேருந்து ரெண்டு வந்துச்சு. எல்லாத்துக்கும் ராத்திரி வரமாட்டேன்னு சொல்லிட்டாரு. நான் அடுத்த வருசம் இன்னும் நெறையா வேண்டிக்கிட்டு இன்னும் நெறையா சந்தனம் வச்சேன்.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கினார், தோள் குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. முன் வரிசையிலிருந்து ஒரு தாய் திரும்பி முறைத்தார். சிரித்துக்கொண்டிருந்த அக்காவின் கண்ணில் எப்போது தண்ணீர் வந்தது என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தெட்டும் முடிந்தது. நவமணி டீச்சர் வந்து கேமராவின் திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். “எல்லா மொகமும் பளிச்சுன்னு இருக்கு அய்யாவு” என்றார். “அழுவுற மொகம்கூட.” அடுத்த வருடத்து விழாக்கள் எல்லாம் நீங்களே பாருங்கள் என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். எத்தனை தரம் ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது.

“அப்பறம் இன்னொன்னு. வர்ற மாசம் எங்க அண்ணன் மக நளினிக்குக் கல்யாணம். ராத்திரி விருந்து. உங்களால முடியுமா?”

“ராத்திரின்னா டீச்சர், ஃபிளாஷ் வெளிச்சத்துல மனுஷன் மொகம்...” என்று ஆரம்பித்துவிட்டார் அண்ணன். ஐந்து வருடப் பழக்கம். வாய் தானாகப் போகிறது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“வருவார் டீச்சர்” என்றார் ரமணி அக்கா.

வெளியே வந்தோம். அண்ணன் காடிக் கதவைத் திறந்து கேமராவைப் பின்சீட்டில் வைத்தார். அக்கா இன்னும் அவரிடம் நேராகப் பேசவில்லை. நான் விலகிப் போயிருக்கவேண்டும், போகவில்லை. எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்றார் அக்கா. “தொடச்சிருப்பேன்ல. எனக்குப் பொட்டா பெருசு?”

அண்ணன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். “மொத வருசமே சொல்லத்தான் வந்தேன் ரமணி. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சொல்லத்தான் வருவேன். நீ கேமரா முன்னால கண்ண மூடிக்கிட்டு நிப்ப. உதடு மட்டும் அசையும். எனக்காவ யாரும் அப்படி நின்னதில்ல. அதப் பாத்துக்கிட்டே எப்படிச் சொல்றது?”

அக்கா காடியில் ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னார்.

“கண்ணத் தொறந்ததும் சொல்லியிருக்கலாம்ல.”